ஆறடி எட்டங்குலமும் ஒரு நெஞ்சும்

கூடைப்பந்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். உயரமான பையன் ஒருவன் எதிரே வந்து நிற்கிறான். இன்னும் ஐந்தாறு வருடத்தில் அவன் கூடையருகே நின்று ஆடும் நல்ல சென்டர் ஆவானா, அல்லது கூடைக்குக் கீழே நட்டுவைத்த கம்பமாகவே நின்றுவிடுவானா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கையைப் பாருங்கள், வருகிற பந்து அதில் சத்தமில்லாமல் அடங்குகிறதா என்று. காலைப் பாருங்கள், திரும்பும்போது ஒன்றோடொன்று இடறுகிறதா என்று. ஒருமுறை ஏமாந்த அதே வித்தைக்கு மறுபடியும் ஏமாறுகிறானா என்று பாருங்கள். இதெல்லாம் உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். என்னை இந்த வேலைக்குப் பழக்கியவர் இன்னொன்றும் சொல்வார்: "உயரம் கண்ணை மறைக்கும்மா. அவனை உக்கார வெச்சு நாலு வார்த்தை பேசு. உக்காந்தா எல்லாரும் ஒரே உயரம்தான்." அவர் சொன்னது ஏதோ வேடிக்கைக்கு என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் விளையாட்டு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் கம்பெனிக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. ஆட்டக்காரர்கள் பகலில் தயாரிப்பு லைனில் வேலை செய்வார்கள், மாலையில் கோர்ட்டுக்கு வருவார்கள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு எங்கள் சென்டருக்கு முழங்கால் போய்விட்டது. அவர் இடத்துக்கு இளம் ஆள் ஒருவனை எடுத்து, மூன்று வருடம் பயிற்சி கொடுத்து, பிறகு நிரந்தரமாக்கிக்கொள்ள நிர்வாகம் ஒப்புக்கொண்டது. கம்பெனிகள் இப்படி அடிக்கடி ஒப்புக்கொள்வதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

ஆளைக் கண்டுபிடித்தவர் எங்கள் பயிற்சியாளர். குன்றத்தூர்க்காரர், பேச்சில் வேகம், கோபத்தில் அதைவிட வேகம். வல்லம் வடகாலில் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து ஒரு பையன் இறங்குவதைப் பார்த்திருக்கிறார். பஸ்ஸுக்குள் தலையைச் சாய்த்துக்கொண்டே நின்றுவந்தவன், கீழே இறங்கி நிமிர்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் குழந்தைகள் மாதிரித் தெரிந்தார்களாம். பைக்கை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பேர் கேட்டிருக்கிறார். அன்று மதியம் எனக்குப் போன் வந்தது.

"மேடம், ஆள் கெடச்சிட்டான். ஆறடி எட்டங்குலம். இன்னும் வளர்ந்துகினே கீறான் போல."

பையன் பெயர் எபனேசர். எல்லோருக்கும் எபி. பத்தொன்பது வயது. சாத்தான்குளம் பக்கத்து ஊர். செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. சேரப்பணஞ்சேரியில் ஊர்ப் பையன்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தான். பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடியிருக்கிறான், கூடைப்பந்தைக் கையில் தொட்டதில்லை.

முதல் நாள் கோர்ட்டில் அவனைப் பார்த்தபோது எனக்கும் கொஞ்சம் படபடப்பாகத்தான் இருந்தது. அப்படிப்பட்ட கை. எவ்வளவு மோசமாக வீசினாலும் பந்து அவன் விரல்களில் போய் ஒட்டிக்கொண்டது. வாலிபால் ஆடியதால் எப்போது எம்ப வேண்டும் என்பது தெரிந்திருந்தது. எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் இடது பக்கம் போவதுபோல் ஏய்த்து வலது பக்கம் புகுந்தார். எபி ஏமாந்தான். சற்று நேரத்தில் அதையே மறுபடி செய்தபோது அசையாமல் நின்று பந்தைத் தட்டிவிட்டான். பயிற்சியாளர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு டேப்பைக் கொண்டுவந்து, கைகளை விரிக்கச் சொல்லி அளந்தார். பொதுவாக நம் எல்லோருக்கும் விரித்த கைகளின் அளவு ஏறக்குறைய நம் உயரமாகவே இருக்கும். எபிக்கு அது உயரத்தை நன்றாகத் தாண்டிப் போயிற்று. நம் வேலையில் இதைவிட நல்ல செய்தி கிடையாது. பயிற்சியாளர் டேப்பைச் சுருட்டாமல் தோளில் மாலைபோலப் போட்டுக்கொண்டு சிரித்தார்.

ஒப்பந்தக்காரரிடம் பேசி, மாலைகளில் அவனைப் பயிற்சிக்கு விடச் செய்தோம். அவனும் ஒருநாள் தவறாமல் வந்தான். அடுத்த வாரங்களில் நான் பார்த்தவை எல்லாம் தனித்தனியாக ஒன்றுமே இல்லாதவை. சட்டை மாற்றும்போது நெஞ்செலும்பு உள்வாங்கியிருப்பது தெரிந்தது. ஒல்லிப் பையன்களுக்கு இருக்கக்கூடியதுதான். கண்ணாடி மிகத் தடிமன், எலாஸ்டிக் நாடாவால் பின்னந்தலையில் கட்டியிருந்தான். பாதம் தட்டை. கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடினால், விரல் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. பையன்கள் அதைச் செய்துகாட்டச் சொல்லிச் சிரிப்பார்கள், அவனும் செய்துகாட்டுவான்.

பயிற்சியாளர்களுக்கான வகுப்பு ஒன்றில் ஒரு டாக்டர் சொன்னது என் மனதில் கிடந்தது. பிறவியிலேயே உடம்பின் இணைப்புத் திசுக்கள் தளர்வாக இருக்கும் ஒரு குறைபாடு உண்டு. அப்படிப்பட்டவர்கள் உயரமாக, நீண்ட கைவிரல்களோடு வளர்வார்கள். சிலருக்கு நெஞ்செலும்பு உள்வாங்கும், கண்பார்வை குறையும், பாதம் தட்டையாகும். வெளியே பார்க்க நோய் என்று தோன்றாது. உள்ளே, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போகும். ஓடிக் குதிக்கும்போது ஒருநாள் கிழிந்துவிடும். "நீங்க ஆசைப்பட்டுத் தேடுற உடம்பும் அந்த உடம்பும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்" என்றார் அவர். வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டோம்.

ஒரு மாலை, ஓட்டப்பயிற்சி முடிந்ததும் எபி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான். கேட்டால் வாய்வு என்றான். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வீட்டில் யார் யார் என்று கேட்டேன். அம்மா, கட்டிக்கொடுத்த அக்கா. அப்பா இல்லை.

"எங்கப்பாவும் என்னைய மாரி நெட்டைதான் மேடம். வாழைக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு நின்னாவ. அப்படியே சரிஞ்சிட்டாவ. எனக்கு அப்ப ஆறு வயசு இருக்கும்."

அப்பாவுக்கு அப்போது என்ன வயது என்றேன். முப்பத்தஞ்சு கூட இருக்காது என்றான். காத்துக்கருப்பு என்று சிலர் சொன்னார்களாம், மாரடைப்பு என்று சிலர்.

நான் எழுந்துபோய்ப் பயிற்சியாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் நம்பவில்லை. கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருந்தது. "ரிப்போர்ட்டு ஃபிட்டுனு கீது மேடம். இன்னும் இன்னா வேணும்?" என்றார். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ பரிசோதனை எங்கள் பட்டியலில் கிடையாது. நான் சென்னையில் ஓர் இதய மருத்துவரிடம் நேரம் கேட்டேன். கிடைத்தது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைகளுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டம். வெளியாள் ஒருவரையும் சேர்த்துக்கொள்ள அனுமதிக்கும் போட்டி அது.

அந்த இறுதி ஆட்டத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. புது சென்டரை அவருக்குக் காட்டி, அன்றே எபியின் பயிற்சிப் பணிக்கு ஒப்புதல் வாங்கிவிடலாம் என்று மனிதவள மேலாளர் திட்டமிட்டிருந்தார். எபிக்கும் அது தெரியும். அறையில் இருந்த பையன்களுக்கெல்லாம் தெரியும். கான்ட்ராக்டில் இருப்பவனுக்கு 'பெர்மனன்ட்' என்ற சொல் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

என்னிடம் இருந்தது ஒரு சந்தேகம் மட்டும். ஆதாரம் திங்கட்கிழமைதான் கிடைக்கும், கிடைத்தால். ஆதாரம் இல்லாமல் நிறுத்தினால் அவன் வேலை போகலாம். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே எனக்கு விருப்பமில்லை. இப்படி வரும்போது இரண்டு தவறுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றைப் பிறகு சரிசெய்ய முடியுமா, முடியாதா என்று பாருங்கள். நான் அதற்குமேல் யோசிக்கவில்லை. அணியில் ஆடுபவர்களின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. எபியின் பெயரை நான் எழுதவில்லை.

ஞாயிறு காலை அவனிடம் நானே சொன்னேன். ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

"எனக்கு ஒண்ணும் செய்யல்ல மேடம். நா வேணும்னா எழுதித் தாரேன், எது வந்தாலும் என் பொறுப்புன்னு."

"எழுதிக் குடுத்தா நெஞ்சு கேக்குமா எபி?"

"இன்னைக்கு ஒருநா மட்டும் ஆடுதேன். நாளைக்கு நீங்க எங்க கூப்பிட்டாலும் வாரேன்."

முடியாது என்றேன். அவன் கட்டிய லேஸை அவிழ்த்தான். அழவில்லை, சண்டை போடவில்லை. பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தான். பயிற்சியாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு என் எதிரிலேயே அதைக் கசக்கப் போனார், பிறகு நிறுத்திக்கொண்டார். "இந்த ஆட்டம் தோத்தா அதுக்கு நா பதில் சொல்ல மாட்டேன்" என்றார். நான் சொல்கிறேன் என்றேன்.

தோற்றோம். கூடைக்குக் கீழே எங்களுக்கு ஆளே இல்லை, கூடையில் பட்டுத் திரும்பும் ரீபவுண்டு பந்தையெல்லாம் எதிரணி அங்கேயே நின்று பிடித்துப் புள்ளிகளை அள்ளியது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் எல்லோருடனும் கைகுலுக்கிவிட்டு விமான நிலையத்துக்குக் கிளம்பினார். எபி யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டான்.

மறுநாள் காலை அவன் வருவானா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. வந்தான். வண்டியில் சென்னைக்குப் போனோம். எக்கோ எடுத்த டாக்டர் அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வெளியே போய் இன்னொரு டாக்டரை அழைத்துவந்தார். இருவரும் பார்த்தார்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் நினைத்தது சரி என்பதில் எனக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய், சைக்கிள் டியூப் ஓர் இடத்தில் புடைத்துக்கொண்டு நிற்பதைப்போல இருக்கிறது என்று டாக்டர் அவனுக்கு விளக்கினார். மாத்திரை தினமும் சாப்பிட வேண்டும், குறிப்பிட்ட இடைவெளியில் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், இன்னும் பெரிதானால் அறுவைசிகிச்சை. ஓடுவது, குதிப்பது, பாரம் தூக்குவது கூடாது. பேஸ்கட்பால் இனி இல்லை. எபி தலையாட்டினான். வேறு யாரோ ஆடிய ஆட்டத்தைப் பற்றிக் கேட்பவன் மாதிரி இருந்தான்.

பிறகு டாக்டர், இது குடும்பத்தில் வருவது, கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். அக்கா, என்றான். உயரமா? ஆமாம். என்ன செய்கிறார்?

"மாசமா இருக்கா. ஆறு மாசம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அக்காவுக்கும் இது இருந்தால், பிரசவ நேரத்தில் அந்தக் குழாய் தாங்காமல் போகலாம் என்றார். இந்த வாரத்துக்குள் அவளுக்கு எக்கோ எடுத்தாக வேண்டும்.

வெளியே வந்ததும் எபி முதன்முறையாக என்னிடம் கோபப்பட்டான். அக்காவைக் கட்டிக்கொடுத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கல்யாணத்துக்கே, அப்பன் சின்ன வயதில் செத்த வீடு என்று மாமியார் தயங்கியிருக்கிறார். "இப்பப் போயி நெஞ்சுல சீக்கு இருக்கான்னு பாக்கணும்னா, மறைச்சுக் கெட்டிக் குடுத்துட்டாவன்னுதான சொல்லுவாவ? அவளத் திருப்பி அனுப்பிட்டா நீங்களா வந்து பாப்பீய?"

அணிப் பட்டியல் என் கையில் இருந்தது, அதனால் அங்கே முடிவெடுத்தேன். இது அவன் குடும்பம். நானே அவன் அம்மாவுக்குப் போன் செய்யலாமா என்று வீட்டுக்கு வந்தும் யோசித்தேன், செய்யவில்லை. டாக்டர் எழுதிய சீட்டை இரண்டு பிரதி எடுத்து அவனிடம் கொடுத்து, ஒன்று உனக்கு, ஒன்று அக்காவுக்கு என்று மட்டும் சொன்னேன். புதன்கிழமைக்குள் அவன் பேசாவிட்டால் நான் பேசுவது என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. அறையிலும் இல்லை. கூட இருந்த பையனைக் கேட்டால், பையைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிட்டான் என்றான். போன் அணைந்திருந்தது. ஒப்பந்தக்காரர் அந்த வாரக் கடைசியில் அவன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

என்ன நடந்தது என்பது புதன்கிழமை இரவு அவனே போன் செய்தபோதுதான் தெரிந்தது. எபி தன் வீட்டுக்கும் போகவில்லை, அக்கா வீட்டுக்கும் போகவில்லை. அத்தான், அதாவது அக்காவின் கணவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் நேராகப் போய் நின்றிருக்கிறான். தன் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி, இது எனக்கு இருக்கு, அக்காவுக்கும் இருக்கலாம், எங்களுக்கு முன்னாடி தெரியாது என்று சொல்லியிருக்கிறான். அந்த மனிதர் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டது ஒன்றுதானாம்: "எந்த ஆஸ்பத்திரிக்குப் போணும்?" தன் அம்மாவிடம் ரத்தசோகைக்குப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, மறுநாளே மனைவியைத் திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அக்காவுக்கும் இருந்தது. தம்பிக்கு இருந்ததைவிடப் பெரிதாகவே இருந்தது. அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள்.

எபி திரும்பி வந்தபோது அவனுக்கு இங்கே வேலை இல்லை. எங்கள் கம்பெனியில் எடுத்துக்கொள்ளலாமா என்று மேலாளரிடம் போனேன். அந்த இடம் ஆட்டக்காரனுக்கானது, ஆட முடியாதவனை எப்படி எடுப்பது என்றார். அவர் சொன்னதில் விதிப்படி தவறில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் எனக்குப் பின்னால் வந்திருந்த பயிற்சியாளர் வெளியே வரவில்லை. அன்று வரை என்னோடு சரியாகப் பேசாமல் இருந்த மனிதர், மேலாளர் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரோட்ல போய்க்கினு இருந்தவன நாந்தான் சார் கூட்டியாந்தேன். வேல வேணும்னு அவனா வர்ல. இப்ப வேணாம்னா அவன் எங்க போவான்? சீக்கு கீதுன்னு தெரிஞ்ச ஆள வேற எவன் சார் சேத்துக்குவான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஆட்டக்காரனுக்கான இடம் கிடைக்கவில்லை. பாகங்களைச் சரிபார்க்கும் பிரிவில், உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று கிடைத்தது. பயிற்சிப் பணியாகத்தான், நிரந்தரமாவதற்கு வேறு எல்லோரையும் போல அவனும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, உயரமானவர்களை எல்லாம் நோயாளிகளாகப் பார்ப்பது அல்ல. எபிக்குப் பிறகு நான் எக்கோவுக்கு அனுப்பிய பையன்கள், பெண்கள் யாருக்கும் எதுவும் இருக்கவில்லை. ஒரு பெண்ணின் தந்தை, என் மகளுக்கு இல்லாத நோயைச் சொல்லி வரனைக் கெடுக்கிறீர்களா என்று என் அலுவலகத்துக்கே வந்து கத்தினார். கேட்டுக்கொண்டேன். அவர் இடத்தில் இருந்தால் நானும் கத்தியிருப்பேன். எதிர்காலத்தைக் கணிப்பது நம் வேலை என்றால், அந்த எதிர்காலத்தில் ஆள் உயிரோடு இருப்பானா என்பதையும் சேர்த்துத்தான் கணிக்க வேண்டும். ஒருவனை வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவன் விஷயத்தில் நம் வேலை முடிவதில்லை. இதைப் பயிற்சியாளரிடம் கற்றேன்.

எபி கோர்ட் பக்கம் வரவே இல்லை. சாப்பாட்டு அறையில் என்னைப் பார்த்தால் தலையசைப்பான், வேறு வரிசையில் போய் நிற்பான். நான் அவனைத் தேடிப் போகவில்லை. பந்தைப் பற்றி அவனிடம் யாரும் பேசக் கூடாது என்று பையன்களே தங்களுக்குள் ஒரு முடிவு வைத்திருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை மதியம், இடைவேளையில் என் அறைக் கதவைத் தட்டிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தான். கையில் போன் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்காவுக்கு ஆபரேசன் பண்ணிப் பிள்ளைய எடுத்துட்டாவ மேடம். பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. அவளுக்கு நெஞ்சு ஆபரேசன் பொறவு பண்ணுவாவளாம். மாமியார்தான் கூட இருந்து பாக்காவ."

சந்தோஷம் என்றேன். இடைவேளை முடியும் மணி அடித்தது. கதவு வரை போனவன் திரும்பினான்.

"நேத்து மேட்ச்சு என்னாச்சு மேடம்?"

"தோத்துட்டோம்."

"ரீபவுண்டுக்கு யாரு நின்னா?"

சொன்னேன். அவன் முகத்தைச் சுளித்தான். அந்த அண்ணன் எம்புறதுக்கு முன்னாடி முழங்கால மடக்க மாட்டாவ, அதான், என்றான். சாயங்காலம் வந்து அவரிடமே சொல்லட்டுமா என்று கேட்டான்.

வா என்றேன்.